திருநின்றவூர் வரை போன சங்கு நண்டு

காலை ஐந்து இருபதுக்குக் குப்பத்தை விட்டேன். ஜூலை மாதம், புதன்கிழமை. கையில் இரண்டு சுமை. ஒன்று ஃபைபரில் செய்த பங்குனி ஆமை, கடலாமை. நிஜ அளவு, ஒன்பது கிலோ. இன்னொன்று சங்கு, கிளிஞ்சல் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. திருவொற்றியூரிலிருந்து திருநின்றவூருக்கு ரயில் டிக்கெட் பத்து ரூபாய். சென்ட்ரலில் இறங்கி வண்டி மாற வேண்டும்.

என் பெயர் தேசப்பன். எட்டாவது வரை படித்தேன். முப்பது வருடம் கடலுக்குப் போனேன். முதுகு போனதும் நிறுத்திவிட்டேன். இப்போது பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கடலைப் பற்றிச் சொல்கிறோம், நானும் சுகந்தி மேடமும். மேடத்துக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கடல் உயிர்களைப் பற்றிக் கல்லூரியில் படித்தவர். அம்பத்தூரில் அடுக்குமாடியில் குடியிருக்கிறார். அவர் படம் போட்டு விளக்குவார். நான் ஆமையையும் சங்கையும் காட்டிப் பேசுவேன்.

உயிருள்ள எதையும் கொண்டுபோவதில்லை. அது எங்கள் விதி. கடற்கரையிலிருந்து எதையும் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்பதுதான் பிள்ளைகளுக்கு முதல் பாடம். காட்டுவதற்கு மட்டும் இருபது முப்பது காலிச் சங்கு வைத்திருக்கிறோம். மேற்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்தான். காணும் பொங்கலுக்குப் போவார்கள். வரும்போது பை நிறையக் கிளிஞ்சல் இருக்கும்.

மேடம் அம்பத்தூரில் ஏறினார். எட்டு பத்துக்குத் திருநின்றவூர். பள்ளி ஏரிப் பக்கம், ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் ஆமையைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார்.

"அத்த இறக்கு அண்ணாத்தே. ஆமைய ஏத்தினா வண்டி உருப்படாது."

"இது ஃபைபர்ங்க" என்றார் மேடம்.

"ஃபைபரோ பவுடரோ, ஆமை ஆமைதான். போன மாசந்தான் டியூ கட்டி முட்ச்ச வண்டி."

இது எங்களுக்குப் புதிது இல்லை. வீட்டுக்குள் ஆமை நுழையக் கூடாது என்பவர்கள் பள்ளிக்கூடத்திலும் உண்டு. ஆமையைச் சாக்கில் சுற்றி முகம் தெரியாமல் கட்டினேன். அதற்கும் ஒரு சீட்டுக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றினார். அறுபது ரூபாய். வழியெல்லாம் கண்ணாடியில் சாக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

ஒன்பது இருபதுக்கு வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், நாற்பத்தெட்டுப் பேர். மேடம் படம் போட்டு முடித்ததும் நான் எழுந்தேன். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன்.

"சங்கு ஒரு ஊடு. உள்ள கீற பூச்சி செத்துட்டா ஊடு காலி. சங்கு நண்டுன்னு ஒண்ணு கீது. அதுக்கு சொந்த ஊடு கெடையாது. காலி ஊடா பாத்து குடி போவும். ஒடம்பு வளந்தா பெரிய ஊடு தேடும்."

கடைசி பெஞ்சில் ஒரு பையன் கேட்டான். "அட்வான்ஸ் எவ்ளோ சார்?"

"அட்வான்ஸ் கெடையாது."

"அப்ப திருநின்றவூர்ல கீற ஊடு இல்ல சார் அது."

வகுப்பே சிரித்தது. நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

"நீங்க ஆளுக்கொரு சங்கு எடுத்துக்கினு வந்துட்டா நண்டு எங்க குடி போவும்? தெருவுல நிக்கும். அதனால எடுக்கக் கூடாது."

சங்குகளை வரிசையாகக் கைமாற்றி விட்டேன். மூன்றாவது பெஞ்சில் யாழினி என்று ஒரு பெண். ஒரு சங்கை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தவளுக்குக் கொடுக்கவில்லை.

"சார், இது காலி இல்ல."

"குடும்மா, அடுத்த பொண்ணு பாக்கட்டும்."

"இல்ல சார். உள்ள ஆள் கீது. காலு தெரியுது."

போய்ப் பார்த்தேன். ஆள் இருந்தது. கட்டைவிரல் அளவுச் சங்கு. வாயில் மூன்று கால், ஒரு சின்னக் கொடுக்கு. நான் தொட்டதும் உள்ளே போய்விட்டது.

தப்பு என்னுடையது. போன வாரம் வேறொரு பள்ளியில் பிள்ளைகள் ஆறு சங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது நடக்கும். பதிலுக்கு இந்தப் புதன்கிழமை விடியும் முன் கல் கரையில் ஆறு பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். புதிதாக எடுத்த சங்கை இரவெல்லாம் ஈர மணலில் கவிழ்த்து வைப்பதுதான் வழக்கம். உள்ளே ஆள் இருந்தால் விடிவதற்குள் நடந்து போயிருக்கும். நிற்கிற சங்குதான் காலி. இந்த ஆறையும் அப்படி வைக்கவில்லை. இருட்டில் குலுக்கிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், போட்டுக்கொண்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"நீங்கதான சார் எடுக்கக் கூடாதுன்னீங்க" என்றாள் யாழினி. கேலியாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமா. நான் பண்ணது தப்பு."

"செத்துடுமா?"

"கடலுக்குக் கொண்டு போயிட்டா சாவாது" என்றேன். மற்ற ஐந்தையும் அங்கேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவை காலி.

பத்து பத்து. வெளியே மரத்தடியில் மேடமும் நானும் நின்றோம். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆயாவிடம் ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு பிடி கல்லுப்பும் கொண்டுவரச் சொன்னார். "கலக்கி விட்டா கடல்தான மேடம்" என்றார். கடல் அப்படி இல்லை என்று மேடம் அவருக்கு விளக்கினார். அதற்கு ஐந்து நிமிடம் போனது.

காலையில் கடலில் கால் நனைத்தபோது துடைத்த துண்டு என் பையில் இருந்தது. உப்புத் தண்ணீர் ஈரம் இன்னும் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து, துண்டைக் கிழித்துப் போட்டு, நண்டைச் சங்கோடு அதில் வைத்தேன். செவுள் ஈரமாக இருக்கும்வரை நண்டுக்கு மூச்சு ஓடும். காய்ந்தால் முடிந்தது.

"எவ்ளோ நேரம் தாங்கும்ணே?" என்றார் மேடம்.

"நெழல்ல இருந்தா சாய்ங்காலம் வரிக்கும். துண்டு காயக் கூடாது. நான் இப்பவே கெளம்பறேன்."

"ஆவடி ஸ்கூல்ல பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. பூந்தமல்லியில மூணு மணி. ரெண்டு மாசமா நடந்து நடந்து வாங்கின அனுமதிண்ணே. நீங்க இல்லாம ஆமையை யார் தூக்குவா?"

அதுவும் சரிதான். ஆவடி வழியில்தான் இருக்கிறது. முடித்துவிட்டு மத்தியானமே கடலுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆவடியைக் கணக்கில் சேர்த்தது இரண்டாவது தப்பு.

திருநின்றவூர் முதல் ஆவடி ரயில் ஐந்து ரூபாய். பதினொன்று இருபதுக்குப் பள்ளியில் இருந்தோம். தனியார் பள்ளி. முந்நூறு பிள்ளைகளைப் பந்தலில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் நாலு நாற்காலி, குத்துவிளக்கு, மைக். எங்களைத் தொடங்கச் சொல்லவில்லை. தாளாளர் வர வேண்டுமாம்.

பதினொன்று ஐம்பது. "ஆன் த வே மேடம்" என்றார் ஒரு ஆசிரியர். பன்னிரண்டு ஐந்து. மறுபடியும் அதையே சொன்னார். பிள்ளைகள் புழுக்கத்தில் நெளிந்தார்கள். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். துண்டின் ஓரம் மொடமொடப்பாகிவிட்டது. நண்டு அசையவில்லை.

மேடத்திடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடல் தண்ணீர் தேடி ஆவடியில் நடந்தேன். மார்க்கெட்டில் மீன் கடை. கடல் மீன்தான், காசிமேட்டு வஞ்சிரம். ஆனால் மீன்காரரிடம் இருந்தது ஐஸ் தண்ணீர்.

"ஐஸ் தரேன் எத்துக்க அண்ணாத்தே. நண்டு ரெண்டு நாள் ஃப்ரெஷா இருக்கும்."

"உசுரோட வேணும்."

"உசுரு நண்டுக்கா துட்டு செலவு பண்ற? இன்னா ஒரு அம்பது கிராம் வருமா அது?"

அவரே வண்ணமீன் கடைக்கு வழி சொன்னார். தெருமுனையில் சின்னக் கடை. உள்ளே ஒரு தொட்டியில் ஆரஞ்சு நிறக் கடல் மீன் நீந்தியது. அப்படியானால் கடல் தண்ணீர் உண்டு. கேட்டேன்.

"அஞ்சு லிட்டர் கேன்தான் சார். நூத்தம்பது ரூபா. நீலாங்கரையிலிருந்து வருது, ஃபில்டர் பண்ணது."

"ஒரு டம்ளர் போதும்."

"லூஸ்ல தர்றதில்ல சார்."

வாங்கினேன். முப்பது வருடம் அதில் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் விலை கேட்டதில்லை.

கடைக்காரர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "இதை எங்கிட்ட குடுத்துடுங்களேன். தொட்டியை நல்லா சுத்தம் பண்ணும். நூறு ரூபா தரேன். பத்திரமா இருக்கும் சார், ஏசி ரூம்."

சொன்னது பொய் இல்லை. அங்கே விட்டிருந்தால் பிழைத்திருக்கும். என் வேலையும் முடிந்திருக்கும். கண்ணாடிக்குள் இருந்த மீன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தது.

"இது வூட்டுக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேனின் தண்ணீரைத் துண்டில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

தாளாளர் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தார். விளக்கு ஏற்றினார்கள். கடல் நமது தாய் என்று முப்பத்தைந்து நிமிடம் பேசினார். சாப்பாட்டு மணி அடிக்க எங்களுக்குப் பதினைந்து நிமிடம் மிச்சம். மேடம் படங்களை ஓட்டமாக ஓட்டினார். கடைசியில் வழக்கம்போல, "கடற்கரையிலிருந்து எதையும் எடுத்துட்டு வராதீங்க" என்று முடித்தார். என் பக்கம் திரும்பாமல் சொன்னார். நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பொன்னாடை போட்டு நினைவுப்பரிசு கொடுத்தார்கள். அழகான அட்டைப் பெட்டி. மேடம் திறந்தார். உள்ளே பெரிய கடல் சங்கு. பாலிஷ் போட்டு, பள்ளியின் பெயரைத் தங்க நிறத்தில் எழுதியிருந்தார்கள்.

"சப்ஜெக்டுக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்னு ஸ்பெஷலா சொல்லிச் செய்தது" என்றார் தாளாளர்.

மேடம் சிரித்துக்கொண்டே வாங்கினார். எனக்கும் ஒன்று. போட்டோ எடுத்தார்கள். படியிறங்கி வெளியே வந்தபின், "ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே" என்றார். என்னுடையதையும் அவர் பையில் போட்டேன்.

இரண்டு மணி. நான் இங்கிருந்தே கடலுக்குப் போகிறேன் என்றேன். "ஆமையோட நான் ஒத்தையில பூந்தமல்லிக்கு எப்படிண்ணே போவேன்?" என்றார் மேடம். காலையிலிருந்து அவரும் ஒரு காபிகூடக் குடிக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து திருவொற்றியூருக்கு நேர் பஸ் உண்டு. தண்ணீரும் இருக்கிறது. சரி என்றேன்.

ஆவடி முதல் பூந்தமல்லி பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மேடத்துக்கு இலவச டிக்கெட். எனக்குப் பத்து ரூபாய். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா இது?"

"ஆமை."

"லக்கேஜ் போடணும். உசுரு கீதா?"

"இல்ல. உசுரு இதுல கீது" என்று டப்பாவைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் மட்டும் கிழித்தார். பருத்திப்பட்டு வரை வண்டி ஓடியது. சென்னீர்குப்பத்துக்குப் பிறகு ஊர்ந்தது. டப்பா என் மடியில் சூடாகிவிடாமல் ஜன்னலோரம் நிழல் மாற மாற மாற்றிப் பிடித்தேன்.

மூன்று பத்து. பூந்தமல்லிப் பள்ளி டிரங்க் ரோடு ஓரம். வாசலுக்கு எதிரே மெட்ரோ வேலைத் தகரம். தூசி. எட்டாம் வகுப்பு, இரண்டு பிரிவு சேர்த்து எழுபது பேர். இங்கே தாளாளர் இல்லை, விளக்கு இல்லை. ஒரு அறிவியல் டீச்சர் மட்டும். மேடம் முடித்து என்னைக் கூப்பிட்டார்.

சாக்கை அவிழ்த்து ஆமையை மேசையில் வைத்தேன். வலையில் சிக்கினால் ஆமை மூச்சுவிட முடியாமல் சாகும் என்று சொன்னேன். அடுத்தது சங்குப் பேச்சு. சங்கு ஒரு வீடு என்று தொடங்கினேன். அதற்குமேல் வாய் வரவில்லை. கீழே டப்பா இருந்தது.

"காலைல ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக, "அண்ணே, இங்க வேண்டாமே" என்றார்.

சொன்னேன். இருட்டில் பொறுக்கியது, மணலில் வைக்காதது, யாழினி பார்த்தது, கேன் வாங்கியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டப்பாவைக் கைமாற்றவில்லை. முன்னால் நின்று திறந்து மட்டும் காட்டினேன். நண்டு பாதி வெளியே வந்து நின்றது.

ஜன்னலோரம் ஒரு பையன் எழுந்தான். "சார், அது காலைலேர்ந்து வெளிய கீதா?"

"ஆமா."

"அப்ப இங்க இன்னா சார் பண்றீங்க? கெளம்புங்க சார்."

"வகுப்பு முடியல தம்பி."

"மேடம் முடிச்சுப்பாங்க. ரோட்ட பாத்தீங்கல்ல? இப்ப போனாதான் இருட்டறதுக்குள்ள போவீங்க. நாலு மணிக்கு கம்பெனி பஸ்ஸுங்க எல்லாம் வந்துடும்."

இன்னொருத்தி, "முன்கேட் வேணாம் சார், பின்கேட்ல போங்க. டெர்மினஸ் கிட்ட" என்றாள். பிறகு எல்லோரும் பேசினார்கள். எந்தப் பஸ், எங்கே நிற்கும், எந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்று. டீச்சர் அடக்கவில்லை.

மேடத்தைப் பார்த்தேன். மூன்றரை மணி. அவர் கழுத்தெல்லாம் வேர்வை. எதிரே எழுபது பிள்ளைகள், மேசையில் ஒன்பது கிலோ ஆமை. பெருமூச்சு விட்டார்.

"போங்கண்ணே. ஆட்டோ பிடிச்சு நான் வந்துக்கிறேன். சாக்கை மட்டும் விட்டுட்டுப் போங்க."

டப்பா, கேன், சங்குப் பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு பின்கேட் வழியாக வந்தேன்.

மூன்று நாற்பதுக்குத் திருவொற்றியூர் பஸ் எடுத்தது. வலதுபக்க ஜன்னல், பிள்ளைகள் சொன்னபடி. வெயில் இல்லை. ஆனால் வண்டியும் போகவில்லை. ஒரு சிக்னலில் மட்டும் இருபது நிமிடம் நின்றோம். பக்கத்தில் கட்டட வேலைக்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும். நான் துண்டில் தண்ணீர் ஊற்றுவதை இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை கேட்டார்.

"கொழம்புக்கா?"

"இல்ல. கடல்ல உட."

"எங்க புட்ச்ச?"

"கடல்ல."

"கடல்ல புட்ச்சு, பூந்தமல்லிக்கு எத்துக்கினு வந்து, திரும்ப கடல்ல உடப் போற."

"ஆமா."

"வேற வேல இல்லியா நைனா உனுக்கு?"

"இதான் வேல."

அவர் சிரிக்கவில்லை. அமைந்தகரையில் இறங்கும்போது, "தண்ணி பத்துமா?" என்று கேட்டுவிட்டு இறங்கினார். பத்தும் என்றேன். கேனில் கால்வாசி இருந்தது.

ஆறு இருபதுக்குக் குப்பத்தில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கல் கரை. வெளிச்சம் இருந்தது. காலையில் பொறுக்கிய இடம் தெரியும். இரண்டு பாறைக்கு நடுவில் அலை வந்து தேங்கும் குழி. துண்டோடு நண்டை இறக்கி, துண்டை மட்டும் உருவினேன். சங்கு அப்படியே கிடந்தது. அலை வந்தது, புரட்டியது, போனது. மறுபடி வந்தது. நான் குந்திக்கொண்டு இருந்தேன். முதுகு வலித்தது.

ஏழாவது எட்டாவது அலையில் கால் வந்தது. சங்கை நிமிர்த்திக்கொண்டது. பாசி பிடித்த கல்லின் அடியில் நடந்து போனது. அவ்வளவுதான். கடலில் இருந்து பார்த்தால் திருநின்றவூர் ரொம்ப தூரம். அங்கே பிள்ளைகள் கடலை வருடத்துக்கு ஒரு நாள் பார்த்துவிட்டு அதற்குப் பரிந்து பேசுகிறார்கள். நாங்கள் தினம் பார்க்கிறோம். இருட்டில் குலுக்கிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்கிறோம்.

சங்குப் பெட்டியைத் திறந்தேன். இருபத்தி நாலு இருந்தது. காலையில் பொறுக்கிய ஐந்து போக, மற்றவை பல வருடம் பல பள்ளிக்குப் போன சங்குகள், ஓரம் தேய்ந்தவை. ஒவ்வொன்றாக அந்தக் குழியில் போட்டேன்.

போன் அடித்தது. மேடம்.

"என்னண்ணே ஆச்சு?"

"நடந்து பூட்ச்சு மேடம்."

"அப்பாடா." பின்னால் ஆட்டோ சத்தம் கேட்டது. ஓட்டுநரிடம் ஆமையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். "நாளைக்கு அம்பத்தூர், ஒன்பது மணி. சங்கையெல்லாம் ஒருதரம் வெளிச்சத்துல பாத்துருங்க."

"சங்கு இல்ல. எல்லாத்தையும் கடல்ல உட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம் காலி ஊடுதான."

"பிள்ளைங்களுக்கு எதைண்ணே காட்டுறது?"

வெறும் பெட்டியை அலையில் அலசினேன்.

"சரி. காலிப் பெட்டியையே எடுத்துட்டு வாங்க, அதைக் காட்டுவோம்" என்றார்.